குதிகாலில் எலும்பு வளர்ந்திருந்தால் வெட்டித்தான் ஆகவேண்டுமா?

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் வேலை, பெரும்பாலும் நின்றுகொண்டுதான். போன வருடக் கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது இனிப்புநீர் எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பயந்துபோய் நடக்க ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினேன். அப்புறம் வேலையிடத்துத் தோழிகளோடு மெதுவோட்டம். எட்டுக் கிலோ குறைந்தது. டிசம்பரில் நடக்கும் பினாங்குப் பாலத்து ஓட்டத்தில் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தோம். கொடிமலை ஜீப் பாதையிலும் ஏறிப் பயிற்சி எடுத்தோம்.

மே மாதத்திலிருந்து வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் உயிர் போகிறது. பத்தடி நடந்தால் குறைகிறது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முள் மாதிரி வளர்ந்திருப்பதைக் காட்டினார்கள். ஊசி போட்டார்கள். ஆறு வாரம் வலியே இல்லை, நானும் ஓடினேன். மறுபடி வந்துவிட்டது. இப்போது இன்னோர் ஊசி போடலாம், அதற்கும் கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை செய்து முள்ளை எடுக்கவேண்டும் என்கிறார்கள். அம்மாவோ, ‘இந்த வயசுல ஓட்டம் எதுக்கு, பேசாம விட்டுடு’ என்கிறார். தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது. நான் என்ன செய்வது?

இன்னொன்று. என் கணவர் வாரம் நான்கு நாள் பூப்பந்து ஆடுவார். அவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலி. அவரும் ஊசி போடப் போகிறேன் என்கிறார். போடலாமா?

ஒரு சகோதரி, ரெலாவ், பினாங்கு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டுக் கிலோ குறைத்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, அதற்கு மேல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். எங்கள் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் ‘கொஞ்சம் நடங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். அதனால், உங்கள் ஓட்டத்தை நிறுத்தாமல் குதிகாலை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் என் கவலை முழுக்க.

முதலில் நேரான பதில். அந்த முள்ளை வெட்டி எடுக்க வேண்டாம். இரண்டாவது ஊசிக்கு வாங்கியிருக்கும் தேதியைத் தள்ளிவையுங்கள். ஓட்டத்தைக் கொஞ்ச நாள் குறைக்கவேண்டும், விட்டுவிட வேண்டியதில்லை. பால்குடத்துக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. இன்றே தொடங்கினால் நடக்கும் என்றே நினைக்கிறேன். டிசம்பர் 10 கிலோமீட்டரைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் அந்த முள்ளைப் பார்த்ததும் யாருக்கும் பயம் வரும். கூர்மையாக, கொக்கி மாதிரி, சதையில் குத்திக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். ‘இதுதான் உங்கள் வலி’ என்று யாராவது சொல்லிவிட்டால், அப்புறம் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே குத்துவதுபோலவே தோன்றும். ஆனால் வலியே இல்லாத ஆட்களைக் கூட்டிவந்து எக்ஸ்ரே எடுத்தாலும், ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இதே முள் இருக்கும். அவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. மறுபக்கம், உங்களைப் போலவே காலையில் நொண்டிக்கொண்டு எழுந்திருக்கும் பலருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. முள் பல வருடமாக மெதுவாக வளர்வது, உங்கள் வலியோ மே மாதம் வந்தது. ஊசி போட்ட ஆறு வாரமும் அந்த முள் அதே இடத்தில்தான் இருந்தது, நீங்கள் வலியில்லாமல் ஓடினீர்கள். இதை யோசித்துப் பாருங்கள்.

வலி அந்த முள்ளுக்கு அருகில் இருக்கும் ஒரு பட்டையில் இருக்கிறது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் கால் கட்டைவிரலை முழங்காலை நோக்கி வளையுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலின் நடுவில் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் கயிறு முறுக்கேறியதுபோல் ஒன்று விறைத்து நிற்கும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரைக்கும் ஓடும் பட்டை அது. மருத்துவத்தில் பிளாண்டர் ஃபேசியா என்போம். அதைப் பிடித்துக்கொண்டே குதிகால் பக்கம் வாருங்கள். குதிகாலின் முன்விளிம்பில், உள்பக்கமாக ஓர் இடத்தை அழுத்தும்போது ‘அம்மா’ என்று வாய் தானாகத் திறக்கும். அந்த இடத்தில்தான் பட்டை எலும்பில் ஒட்டியிருக்கிறது.

நடக்கும்போது குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றி உந்துகிறோம் இல்லையா, அப்போது விரல்கள் மேல்நோக்கி வளைந்து இந்தப் பட்டையை இழுக்கின்றன. பாதத்தின் வளைவு உயர்ந்து, பாதம் முழுவதும் ஒரே கட்டையாக இறுகுகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றி வாளி மேலே வருவதுபோல. இந்த வேலைப்பாட்டை ஹிக்ஸ் என்பவர் 1954ல் விளக்கி எழுதினார். ஒவ்வோர் அடிக்கும் இது நடக்கிறது. படி ஏறும்போது கூடுதலாக, மேட்டில் ஓடும்போது இன்னும் கூடுதலாக.

காலையில் ஏன் அப்படி வலிக்கிறது? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆறேழு மணி நேரம் அந்தப் பட்டை சுருங்கிய நிலையிலேயே கிடக்கும். நீங்கள் எழுந்து முதல் அடி வைத்ததும் உங்கள் முழு எடையும் அதைச் சட்டென்று இழுக்கிறது. பத்தடி நடந்ததும் இளகிக்கொடுக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கி எழும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போதும் இதே வலி வருகிறதா? வந்தால் அதுவேதான்.

இதை வீக்கம் என்று நாங்களே பல காலம் நினைத்திருந்தோம். அதனால்தான் வீக்கம் குறைக்கும் மாத்திரை, வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி. ஆனால் நாள்பட்ட வலியில் அந்தத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வீக்கத்தின் அடையாளம் அதிகம் இருக்காது. இழை பிரிந்து, பழைய கயிறு நைந்ததுபோலத்தான் இருக்கும். நைந்த கயிற்றுக்கு ஸ்டீராய்டு என்ன செய்யும்? சில வாரம் வலியை அடக்கும், அவ்வளவுதான். அந்தச் சில வாரமும் நீங்கள் ஓடினீர்கள். அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, வலி இல்லாவிட்டால் சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஊசி போட்டவர்கள் அதைச் சொல்லியிருக்கவேண்டும்.

இந்த ஊசியைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். நான் பயிற்சி முடித்த புதிதில், நாற்பது வயதுக்காரர் ஒருவர், நல்ல ஓட்டக்காரர், இதே வலியோடு வந்தார். ஒரு ஊசி போட்டேன், கேட்டது. நாலு மாதத்தில் திரும்பி வந்தார், போட்டேன். மறுபடி வந்தார், போட்டி நெருங்குகிறது என்றார், மறுபடியும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மேட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளங்காலில் ‘பட்’டென்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டதாம். பட்டை அறுந்துவிட்டது. பாதத்தின் வளைவு இறங்கி, அவர் பழையபடி நடக்கவே பல மாதம் ஆனது. ஊசி எல்லோருக்கும் இப்படிச் செய்யாது. ஆனால் பட்டை அறுவதும், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு கரைந்துபோவதும் இந்த ஊசியில் தெரிந்த ஆபத்துகள். கரைந்த கொழுப்பைத் திரும்ப வைக்க எங்களிடம் வழி இல்லை. உங்களுக்கு இனிப்புநீர் எல்லைக்கோட்டில் வேறு இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில நாளைக்குச் சர்க்கரை அளவையும் ஏற்றும். அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது ஊசி கேட்டு யார் வந்தாலும், முதல் ஊசிக்குப் பிறகு வேறு என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, இந்த வலி உங்களுக்கு ஏன் வந்தது? கீழே விழவில்லை, அடிபடவில்லை. உங்கள் கடிதத்தையே திரும்ப வாசித்தால் விடை அதில் இருக்கிறது. நடை, பிறகு படி, பிறகு ஓட்டம், பிறகு ஜீப் பாதை. தண்ணீர்மலையில் 513 படி. அவசரமாக ஏறும்போது பெரும்பாலும் பாதத்தின் முன்பாதியைத்தான் படியில் வைக்கிறோம், குதிகால் காற்றில் நிற்கும். ஒவ்வொரு படியிலும் கெண்டைக்காலும் உள்ளங்கால் பட்டையும் சேர்ந்து உங்களைத் தூக்குகின்றன. தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், சில இடங்களில் மூக்கு முட்டியில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்து. இதற்கு நடுவில் 12 மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்பது. நின்றே வேலை செய்வது, கெண்டைக்கால் இறுகிப்போயிருப்பது, உடல் எடை, இந்த மூன்றும் குதிகால் வலிக்கு நன்றாக அறியப்பட்ட காரணங்கள்.

இதில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. ஓட ஆரம்பித்த சில வாரத்திலேயே மூச்சு பழகிவிடும். தசையும் சீக்கிரம் பலம் பிடிக்கும். ‘என்னால் முடிகிறதே’ என்று நாம் தூரத்தைக் கூட்டிவிடுவோம். ஆனால் தசைநாரும் இந்த மாதிரிப் பட்டைகளும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பழகும். ஓடுகிறவர்களுக்கு வரும் முழங்கால் வலி, முன்கால் எலும்பு வலி, குதிகாலின் பின்புறத் தசைநார் வலி எல்லாவற்றிலும் நான் பார்ப்பது இதே கதைதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம், ‘வலிக்கு முன்னால் இரண்டு மாதத்தில் எதைக் கூட்டினீர்கள்?’ என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொல்லிவிடுவார்.

சிகிச்சையைச் சொல்வதற்கு முன்னால் சிலவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை வைத்து நான் காலைத் தொட்டுப் பார்க்க முடியாது. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்துங்கள். அதில் கடும் வலி இருந்தால், அல்லது நடக்க நடக்க வலி கூடிக்கொண்டே போய் ராத்திரி படுத்த பிறகும் விண்விண்ணென்று தெறித்தால், அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். ஓயாமல் அடிவாங்கியே எலும்பு விரிசல் விடும். 1855லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். அது எலும்பு விரிசல் என்பது பிற்பாடு எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எட்டுக் கிலோ குறைக்கச் சாப்பாட்டை ரொம்பக் குறைத்திருந்தாலோ, மாதவிலக்கு தப்பிப்போயிருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலும்புக்கும் சாப்பாடு வேண்டும்.

உள்ளங்காலில் எரிச்சல், ஊசி குத்துவதுபோல் மதமதப்பு இருந்தால் அது நரம்புப் பிரச்சினை, வேறு வழியில் பார்க்கவேண்டும். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் ஒரு மணி நேரம் விறைத்திருந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கவேண்டும். இவை எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

நைந்த கயிறு எப்படிச் சரியாகும்? கடையில் வாங்கிய கயிறானால் தூக்கிப்போடலாம். உடம்பில் இருக்கும் கயிறு உயிருள்ளது, அளவாக இழுத்தால் தன்னைத்தானே பின்னிக்கொள்ளும். முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் பட்டை இன்னும் பலவீனமாகும். திரும்ப ஓடிய முதல் வாரத்திலேயே வலி வரும். அதனால் சுமை வேண்டும், அளவோடு வேண்டும்.

இதை நிரூபித்ததில் ஒரு மருத்துவருக்குப் பெரும் பங்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன், எங்களைப் போல எலும்பு அறுவை மருத்துவர். கெண்டைக்காலுக்குக் கீழே குதிகாலின் பின்பக்கம் ஓடும் தசைநாரில் நாள்பட்ட வலி இருந்த ஓட்டக்காரர்கள் 15 பேருக்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். வலித்தாலும் செய்யச் சொன்னார். 15 பேரும் திரும்ப ஓடினார்கள். 1998ல் இது வெளிவந்தபோது, அதுவரை அந்த வலிக்குக் கத்தியை எடுத்தவர்கள் எல்லாம் யோசிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் வலி அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர். அதே யோசனையை உள்ளங்கால் பட்டைக்கு ஏற்றமாதிரி டென்மார்க்கில் 48 பேரிடம் செய்துபார்த்து 2014ல் எழுதினார்கள். மூன்று மாதத்தில், வெறுமனே நீட்டிவிட்டவர்களைவிடச் சுமைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் இரு சாராரும் ஏறக்குறைய சமமாகிவிட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களுக்கு அந்த முதல் மூன்று மாதம்தான் முக்கியம்.

அந்தப் பயிற்சியை வீட்டுப் படியிலேயே செய்யலாம். ஒரு சின்னத் துண்டை இறுக்கிச் சுருட்டிப் படியின் விளிம்பில் வையுங்கள். கால்விரல்கள் துண்டின்மேல் ஏறி மேல்நோக்கி வளைந்திருக்க, பாதத்தின் முன்பகுதி படியில் இருக்க, குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது காலில் நின்று மூன்று எண்ணும்வரை மெதுவாகக் குதிகாலைத் தூக்குங்கள். மேலே இரண்டு எண்ணுங்கள். மூன்று எண்ணி இறக்குங்கள். இப்படி 12 தடவை, கொஞ்சம் இளைப்பாறி மறுபடி, மொத்தம் மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும், தினமும் வேண்டாம். ஒற்றைக் காலில் தாங்கவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் இரண்டு காலிலும் நின்று செய்யுங்கள். துண்டு அவசியம். அது இல்லாவிட்டால் கெண்டைக்காலுக்குத்தான் அதிக வேலை, பட்டை அவ்வளவாக இழுபடாது.

12 தடவை லேசாகத் தெரிய ஆரம்பித்ததும் சுமையைக் கூட்டவேண்டும். முதுகில் மாட்டும் பையில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். சுமை கூடும்போது எண்ணிக்கையைக் குறையுங்கள்: 10 தடவை நான்கு சுற்று, பிறகு 8 தடவை ஐந்து சுற்று. என்னிடம் வந்த ஒரு தொழிற்சாலைப் பெண்மணி அரிசி மூட்டையைப் பையில் வைத்து, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு அரிசி என்று காலண்டரில் குறித்துக்கொண்டு வந்தார். அந்தக் காலண்டர் தாளைப் பார்த்தே அவர் கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. நீங்களும் குறித்துவையுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் இன்னொன்று. நான் மேலே சொன்னபடி காலைத் தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து மேல்நோக்கி இழுத்து 10 எண்ணுங்கள். விடுங்கள். இப்படி 10 தடவை. பட்டை விறைத்து நிற்கிறதா என்று மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அதன்பிறகு முதல் அடி வையுங்கள். நாளில் இன்னும் இரண்டு முறை, ஷிப்ட் இடைவேளையில் ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்று.

வலிக்கிறதே, செய்யலாமா என்று கேட்பீர்கள். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது நான்கு வரைக்கும் பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலை முதல் அடி, முந்தின நாளைவிடக் கூடுதலாக வலிக்கக்கூடாது. கூடினால் சுமை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். அந்த முதல் அடியைவிட நல்ல அளவுகோல் என்னிடம்கூட இல்லை.

ஓட்டத்துக்கும் இதே கணக்குதான். முதல் ஆறு வாரத்துக்கு மேடு, படி, ஜீப் பாதை மூன்றும் வேண்டாம். வாரம் இரண்டு மூன்று நாள் சைக்கிள் அல்லது நீச்சல். சர்க்கரையும் எடையும் ஏறாமல் அது காப்பாற்றும். காலை வலி இரண்டுக்குக் கீழே வந்து ஒரு வாரம் அங்கேயே நின்றால், சமமான இடத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். பாலத்து ஓட்டம் இந்த வருடம் வேண்டாம் என்றே சொல்வேன். பெயர் கொடுத்துப் பணம் கட்டியிருப்பீர்கள், தோழிகள் எல்லோரும் ஓடுவார்கள், மனசு கேட்காது. ஆனால் டிசம்பரில் 10 கிலோமீட்டர் ஓடுவதற்கு நவம்பரில் தூரத்தைக் கூட்டவேண்டியிருக்கும். மே மாதம் செய்த அதே தவறு. பாலம் 1985லிருந்து அங்கேதான் நிற்கிறது, அடுத்த வருடமும் நிற்கும். அன்று போய்த் தோழிகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுங்கள்.

சப்பாத்தைப் பற்றி. வேலைக்குப் போடும் சப்பாத்தைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பாருங்கள். குதிகால் இடம் தேய்ந்து குழி விழுந்திருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணச் சிலிக்கோன் அல்லது ஃபோம் உள்ளட்டை போதும். காலை அளவெடுத்துச் செய்துதரும் அட்டைக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கேட்பார்கள். ஆய்வுகளில் இந்த வலிக்கு அது சாதாரண அட்டையைவிடப் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தளக்கல் தரையில் வெறுங்காலோடு நிற்போம். சமையல் நேரம் முழுக்க அப்படித்தான். வீட்டுக்குள் மட்டும் போட மெத்தென்ற சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கி, கட்டிலுக்குக் கீழேயே வையுங்கள். அம்மா முகம் சுளித்தாலும் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சீன வைத்தியர் சின்சேயிடம் போய்ப் பிடித்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், பினாங்கில் கேட்காதவர்கள் இல்லை. கெண்டைக்காலை எண்ணெய் போட்டு இதமாக உருவிவிடுவதில் தவறில்லை, இறுக்கம் தளரும். குதிகாலில் அந்த வலிக்கிற இடத்தையே முழங்கையால் நசுக்கவிடாதீர்கள். நைந்த இடத்தை மேலும் நைப்பதாகத்தான் முடியும்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்குப் பார்க்கலாம், அங்கிருந்து பிசியோவுக்கு (உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு) எழுதிக்கொடுப்பார்கள். காத்திருக்கவேண்டி வரும். அதுவரை மேலே சொன்னதைச் செய்துகொண்டிருங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டு உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு மாதம் மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. அதற்கு மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். நாலு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துப் படுத்திருப்பதைவிட அந்தக் கடிதம் உங்களுக்கு அதிகம் உதவும்.

இவ்வளவும் செய்து ஆறு மாதத்தில் கேட்காவிட்டால் அதிர்வலைச் சிகிச்சை இருக்கிறது. வெளியிலிருந்து குதிகாலில் அதிர்வைச் செலுத்துவார்கள், கத்தி இல்லை. அதற்கும் கேட்காத சிலருக்குத்தான், அதுவும் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். அப்போதும் பார்ப்பது இறுகிய கெண்டைக்காலையும் பட்டையையும்தான், முள்ளை அல்ல. பத்தில் ஒன்பது பேர்வரை கத்தி இல்லாமலே ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள். நான் அறுவை மருத்துவன், வெட்டுவதுதான் என் தொழில். அப்படியிருந்தும் இதைச் சொல்கிறேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். இனிப்புநீரால் காலை இழந்தவர்களை எங்கள் வார்டில் நான் பார்க்காத வாரம் இல்லை. ஓடிக் குதிகால் வலி வந்து நிரந்தரமாக முடங்கிப்போன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவருடைய பயம் மகள்மேல் உள்ள பாசத்தால் வருவது, அது எனக்குப் புரிகிறது. முடிந்தால் அவரையும் சாயங்காலம் அரைமணி நேரம் கூட்டிக்கொண்டு நடங்கள்.

இனி பால்குடம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் பால்குடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில், துண்டுப் பயிற்சியை ஒற்றைக் காலில் சுமையோடு 8 தடவை ஐந்து சுற்று செய்ய முடிந்து, காலை வலி ஒன்றுக்குள் இருந்தால், வெறுங்காலோடு பழக ஆரம்பிக்கலாம். முதலில் புல்தரையில் பத்து நிமிடம். அப்புறம் வெயிலுக்கு முன்னால் தார்ச்சாலையில் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஜனவரி தொடக்கத்தில் படியில் பாதி தூரம், பிறகு முழுதும். படியில் முழுப் பாதத்தையும் வையுங்கள், குதிகால் தொங்கக்கூடாது. இறங்கும்போதும் அவசரம் வேண்டாம். தலையில் பால்குடம் இருக்கும்போது கீழே பார்க்க முடியாது, அதனால் அன்று யாராவது பக்கத்தில் வரட்டும். வழியில் தேங்காய்ச் சில்லு கிடக்கும். புறப்படுவதற்கு முன் பாதத்தில் ஒட்டும் டேப்பைப் பிசியோவிடம் போட்டுக்கொண்டால் அன்றைக்குத் தாங்கும். அது வேண்டுதலுக்குச் சரிப்படுமா என்று கோயில் குருக்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அதற்கு முன் ஒரு முறை கிளினிக்கில் பாதத்தின் உணர்ச்சியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் வெறுங்கால் வேண்டாம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சில்லு குத்தியது தெரியாமலே வீடு திரும்பியவர்களின் புண்ணுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

கணவருக்கு: ஊசி வேண்டாம். முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு அந்த ஊசி ஆறு வாரம் அற்புதமாக இருக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் அது போடாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு முறைக்கு இரண்டு முறை பெரிய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. நான்கு நாள் ஆட்டத்தை இரண்டாகக் குறைக்கச் சொல்லுங்கள். மட்டையின் நரம்பை எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறார், பிடியில் சுற்றிய டேப் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கட்டும். முன்கையை மேசைமேல் வைத்து மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கி ஏற்றட்டும். 15 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீங்கள் படியில் துண்டைச் சுருட்டும் அதே நேரத்தில் அவர் மேசையில் உட்காரலாம்.

ஆறு வாரம் கழித்து முதல் அடிக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.